தற்சுழற்சி ஏணிகள்: ஒற்றையும் இரட்டையும்

முன்னுரை

காந்தம் என்றவுடன் இரும்பை ஈர்க்கும் கல்லே நினைவிற்கு வரும். ஆயின், தம்முள் எண்ணிறந்த நுண்காந்தங்களைக் கொண்டிருந்தும் புறத்தே எதனையும் ஈர்க்காது அடங்கிக் கிடக்கும் படிகங்களும் உள. அவற்றுள் ஒருவகை ‘தற்சுழற்சி ஏணி’ எனப்படும். படிகங்களின் காந்த இயல்பு திசைதோறும் வேறுபடுதலை நுட்பமாக அளந்து புகழ்பெற்ற கே. எசு. கிருட்டிணன் (1898–1961) அறிவியலைத் தமிழிலும் எழுதியவர். அவர் காலத்திற்குப் பின் வளர்ந்த இத்துறையின் அடிப்படையை விளக்குதலும், அதற்குரிய கலைச்சொற்களின் பொருத்தத்தை ஆராய்தலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நுண்காந்தமும் அதன் இணையும்

எலக்ட்ரான் ஒவ்வொன்றும் ஒரு நுண்காந்தம். அதன் காந்த இயல்பிற்கு அடிப்படையான பண்பைத் ‘தற்சுழற்சி’ என்கிறோம். அது பம்பரம் போல் சுழல்வதன்று. ஒரு திசையில் அளக்கப்புகின் ‘மேல்’ அல்லது ‘கீழ்’ என இரண்டே விடை தரும் உள்ளார்ந்த பண்பாகும். சில படிகங்களில் அண்டை நுண்காந்தங்கள் ஒன்றற்கொன்று எதிராக நிற்க விழைகின்றன. இவ்வகைக் காந்தத்தை 1930ஆம் ஆண்டுகளில் விளக்கிய பிரெஞ்சு அறிஞர் லூயி நீல், 1970இல் நோபல் பரிசு பெற்றார்.

இரண்டு நுண்காந்தங்கள் மட்டும் இருப்பின், அவற்றின் மிகக்குறைந்த ஆற்றல் நிலை ‘மேல்–கீழ்’ என்பதும் அன்று. ‘கீழ்–மேல்’ என்பதும் அன்று. இரண்டும் விரவிய ஒரு நிலையாகும். அந்நிலையில் தனித்தனித் திசை என்பது இல்லை. மொத்தக் காந்தமும் சுழியாகும். இதனை ‘ஒற்றை நிலை’ என்று மொழிபெயர்ப்பாரும் உளர். அச்சொல் இவ்விடத்து ஏன் இடர்ப்படுத்தும் என்பது பின்னர்ப் புலனாகும். ஈண்டு ‘ஒருமை நிலை’ என்றே வழங்குவாம்.

2. கயிறும் வலையும்

புதுச்சேரி வைத்திக்குப்பம் போன்ற மீனவர் ஊர்களில் கயிறும் வலையும் நாள்தோறும் காணும் பொருள்கள். கயிற்றில் வரிசையாக முடிச்சுகள் இட்டால் அஃது ஒற்றைப் பரிமாணம். வலையின் முடிச்சுகளோ இருபரிமாணப் பரப்பில் அமைவன. முடிச்சுதோறும் ஒரு செம்பு அயனி இருப்பதாகக் கொள்க.

கயிற்றமைப்பின் கணக்கை 1931இல் பெத்தே தீர்த்தார். அதில் நிலைத்த ஒழுங்கு இல்லை. எத்துணைச் சிறிய ஆற்றலாலும் அதனை அசைக்கலாம். சித்த மருத்துவர் துருசு என்றும், பிறர் மயில்துத்தம் என்றும் வழங்கும் செம்புச் சல்பேட்டிலேயே இத்தகைய கயிறுகள் உள. அதன் செம்பு அயனிகளுள் ஒரு பாதி இவ்வாறு தொடர்கின்றன. தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அண்மையில் நிகழும் இவ்வியல்பு, கனநீர் கொண்டு வளர்த்த படிகத்தில் நியூட்ரான் கற்றையால் ஆராயப்பெற்று, 2013இல் வெளியிடப்பெற்றது. வலையமைப்பிலோ தனிச்சுழியில் நீல் கூறிய ஒழுங்கு நிலைபெறும்.

கயிறுகள் சிலவற்றை அருகருகே நிறுத்திக் குறுக்கே இணைப்பின் ஏணியாம். நீளவாட்டில் அமைவன கால்கள்; குறுக்கே அமைவன படிகள்.

3. காலின் எண்ணிக்கை

கால்களை ஒவ்வொன்றாகக் கூட்டின், கயிற்றின் இயல்பு படிப்படியே வலையின் இயல்பாக மாறும் என்று எதிர்பார்த்தல் இயல்பே. உண்மை அவ்வாறன்று.

இருகால் ஏணியில் ஒவ்வொரு படியின் இரு நுண்காந்தங்களும் கூடி ஒருமை நிலை எய்துகின்றன. அவ்வொருமையைக் குலைக்கக் குறிப்பிட்ட ஆற்றல் வேண்டும். அதற்குக் குறைந்த எதனாலும் ஏணி அசையாது. இதுவே ‘ஆற்றல் இடைவெளி’. முக்கால் ஏணியிலோ மூன்றனுள் இரண்டு கூட, ஒன்றன் அளவு படிதோறும் எஞ்சுகிறது. எஞ்சியவை ஒன்றோடொன்று தொடர்ந்து மீண்டும் கயிறே போல் ஒழுகுகின்றன, இடைவெளி மறைகிறது. நாற்காலில் அது மீண்டும் தோன்றும். காற்பிணைப்பும் படிப்பிணைப்பும் சம வலிமையுடையனவாயினும் இவ்விதி மாறாது. அப்போது இருகால் ஏணியின் இடைவெளி அப்பிணைப்பு வலிமையில் ஏறத்தாழப் பாதி. நாற்கால் ஏணியினது ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவு. இவ்வாறு சுருங்கிச் சுருங்கியே வலையில் இடைவெளி இல்லையாகிறது.

4. சான்றுகள்

1994இல் சப்பான் நாட்டார் இசுத்திரான்சியம், செம்பு, ஆக்சிசன் ஆகியவற்றாலான இரு சேர்மங்களை ஆராய்ந்தனர். ஒன்று இருகால் ஏணி. மற்றது முக்கால் ஏணி. முன்னதனைக் குளிர்விக்க, அதன் காந்த ஏற்புத்திறன் சுழியை நோக்கி விரைந்து வீழ்ந்தது. இடைவெளி ஏறத்தாழ 420 கெல்வின் அளவினது. பின்னதில் அவ்வீழ்ச்சி இல்லை.

இந்தியர் பங்கும் இத்துறையில் சிறியதன்று. ஒருமை இணைகளே முழுநிலையாக அமையும் ஒரு தொடரை மசும்தாரும் கோசும் 1969இல் கண்டனர். அதனைக் குறுக்குமறுக்கான ஏணியாகவும் வரையலாம். 1987இல் பாசுகரன், சோ, ஆண்டர்சன் ஆகியோர் ஒருமை இணைகளிலிருந்து மீக்கடத்தலை விளக்கினர். இவருள் பாசுகரன் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுநாள் பணியாற்றியவர். எலக்ட்ரான் குறைந்த ஏணியில் மீக்கடத்தல் தோன்றலாம் என 1992இல் முன்மொழியப்பெற்றது. 1996இல் கால்சியம் மிகுந்த ஓர் ஏணிச் சேர்மம், ஏறத்தாழ 30,000 வளிமண்டல அழுத்தத்தில், 12 கெல்வினில் மீக்கடத்தியாயிற்று.

5. சொல்வரையறை

இனி, சொற்களை நோக்குவாம். ஏணியின் கால்களை ‘ஒற்றை’, ‘இரட்டை’ எனப் பகுத்தபின், நுண்காந்த இணையையும் ‘ஒற்றை நிலை’ எனின், ‘இரட்டைக்கால் ஏணியின் ஒற்றை நிலை’ என்னும் தொடர் மாணவரை மயக்கும். மேலும், ‘இரட்டைக்கால்’ என்பது இரண்டு கால்களைக் குறித்ததா, நான்கும் ஆறும் அடங்கிய பொது இனத்தைக் குறித்ததா என்னும் ஐயமும் எழும். ஆதலின், இணைக்கு ‘ஒருமை நிலை’ என்றும், எண்ணின் இனத்திற்கு ‘ஒற்றைப்படை’, ‘இரட்டைப்படை’ என்றும், தனி ஏணிகளுக்கு ‘இருகால்’, ‘முக்கால்’, ‘நாற்கால்’ என்றும் வரையறுத்தல் நன்று. ‘முக்கால்’ பின்னத்தையும் குறிக்குமாயினும் ‘ஏணி’ என்னும் சொல் உடன்வர மயக்கம் நீங்கும். ‘இடைவெளி’ என்பதற்கு முன் ‘ஆற்றல்’ என்னும் அடைமொழி எஞ்ஞான்றும் வரல் வேண்டும். இல்லையேல், படிகளுக்கிடையேயுள்ள தொலைவு எனக் கொள்ளப்படும்.

முடிவுரை

ஒரு கால் கூடினும் குறையினும் பொருளின் இயல்பே மாறும் துறை இது. அதனைக் கூறும் நடையில் ஒரு சொல் இருபொருள் படுமாயின் அவ்வியல்பே மறைந்துவிடும். எனவே, கலைச்சொல்லைத் தனித்து ஆராயாது, உடன்வரும் சொற்களோடு வைத்து ஆராய்ந்து கொள்ளுதலே முறையாகும்.