லெமேத்ர் அடித்த பத்தி

1931-இல் ‘நேச்சர்’ இதழுக்காக ஜார்ஜ் லெமேத்ர் ஒரு குறுங்கட்டுரை எழுதினார். பேரண்டத்துக்கு ஒரு தொடக்கம் இருந்திருக்க வேண்டும் என்பதைக் குவாண்டம் இயற்பியலின் வழியே சொன்ன கட்டுரை அது. கடைசிப் பத்தியில் கடவுள் வந்திருந்தார். அவர் தம்மை மறைத்துக்கொள்பவர். படைப்பை மூடும் திரையாக இன்றைய இயற்பியல் அமைவதில் விசுவாசிக்கு மகிழ்ச்சிதான் என்ற பொருளில் எழுதிய பத்தி. எழுதியவரே அதைக் கோடு போட்டு அடித்தார். அச்சில் அது வரவில்லை.

இத்தனைக்கும் அவர் கத்தோலிக்கக் குருவானவர். பெல்ஜியத்துக்காரர். முதல் உலகப்போரில் பீரங்கிப் படையில் இருந்துவிட்டு வந்து, 1923-இல் குருப்பட்டம் பெற்று, கையோடு கேம்பிரிட்ஜில் எடிங்டன் என்ற வானியலாளரிடம் படிக்கப் போனவர்.

அண்டம் என்றும் ஒரே நிலையில் இருக்கிறது என்றே அன்றைய அறிஞர்கள் பெரும்பாலும் நம்பினார்கள். அதை அசையாமல் நிறுத்துவதற்காகவே ஐன்ஸ்டீன் 1917-இல் தம் சமன்பாட்டில் ஒரு மாறிலியைச் சேர்த்திருந்தார். அண்டம் விரிகிறது என்று 1927-இல் லெமேத்ர் கணக்குப் போட்டுக் காட்டியபோது, கணக்கு சரி, இயற்பியல்தான் சகிக்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார் ஐன்ஸ்டீன். அண்டம் விரிந்தாலும் அதற்குத் தொடக்கம் இல்லை என்று வாதாடிய பிரெட் ஹாயில், 1949-இல் பிபிசி வானொலியில் இந்தத் தொடக்கக் கொள்கைக்கு ‘பிக் பேங்’ (பெருவெடிப்பு) என்ற பெயரைச் சூட்டினார். பெயர் நிலைத்துவிட்டது. பாதிரியார் சொல்லும் ‘தொடக்கம்’ என்பதாலேயே, விவிலியத்தின் படைப்புக் கதை பின்வாசல் வழியாக நுழைகிறதோ என்ற சந்தேகம் சிலருக்கு இருந்தது.

சிக்கல் எதிர்ப்பக்கத்திலிருந்தும் வந்தது. 1951 நவம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், ஆதியில் ஒளி தோன்றியதற்கு அறிவியலே சாட்சி சொல்கிறது என்ற தொனியில் உரையாற்றினார். வேறொரு குருவானவராக இருந்தால் பூரித்துப்போயிருப்பார். லெமேத்ருக்கோ சங்கடம். அறிவியல் கொள்கை நாளை மாறக்கூடியது; அதில் கொண்டுபோய்க் கடவுளைக் கட்டினால், அது விழும்போது அவரும் சேர்ந்து விழுவார் அல்லவா? தம் கொள்கை மதத்துக்கு வெளியே நிற்பது, நாத்திகர் அதை ஏற்பதற்குத் தடையே இல்லை என்பது அவர் நிலைப்பாடு. விவிலியம் மீட்புக்கு வழி சொல்லும் நூல், இயற்பியல் பாடநூல் அல்ல என்பதையும் அவர் விளக்கிவந்தார். ‘இதெல்லாம் எங்கள் வேதத்தில் அன்றைக்கே இருக்கிறது’ என்று எல்லா மதத்தாரும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பித் தள்ளும் இந்நாளில், இந்த நிதானம் அபூர்வமாகத் தெரிகிறது.

அடுத்த ஆண்டு ரோமில் கூடிய வானியலாளர்களிடம் திருத்தந்தை பேசியபோது அந்த வாதத்தை எடுக்கவில்லை. 1960-இல் திருத்தந்தையின் அறிவியல் கழகத்துக்கே லெமேத்ர் தலைவரானார்.

பெருவெடிப்பின் மிச்ச வெப்பமான நுண்ணலைக் கதிர்வீச்சைப் பென்சியாஸ், வில்சன் என்ற இரு விஞ்ஞானிகள் கண்ட செய்தி 1965-இல் வெளியானது. நோயில் கிடந்த லெமேத்ருக்கு அதை வந்து சொன்னவர் அவருடைய உதவியாளர். 1966 ஜூன் 20 அன்று, 71 வயதில் அவர் காலமானார்.