கண்டதைச் சொல்வதே சாட்சி: கிறித்தவச் சிந்தனை உரைநடையும் அன்றாடத் தமிழும்

தமிழ்க் கிறித்தவர்கள் தம் சமய நம்பிக்கையையும் அன்றாட வாழ்க்கையையும் ஒருங்கே வைத்து எண்ணி எழுதும் சிறு உரைநடைப் பகுதிகளுக்குப் பல பெயர்கள் உண்டு. சிந்தனை, தியானம், அனுபவப் பகிர்வு, சாட்சி என்பன அவற்றுட் சில. திருச்சபை இதழ்களிலும் திருவிழா மலர்களிலும் இவை இடம்பெறுகின்றன. எழுதுவோருட் பெரும்பாலோர் எழுத்தைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். ஆசிரியர், தாதியர், ஓட்டுநர், இல்லத்தரசியர், ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர் ஆகியோரே. பள்ளிப் படிப்பு முடிந்தபின் தமிழில் ஒரு பக்கம் தொடர்ந்து எழுதும் வாய்ப்பு இவர்களிற் பலருக்கு இந்த ஒரு வகையிலேதான் கிட்டுகிறது. ஆதலின் இது மொழி பயில்வோரும் பயிற்றுவோரும் கருதத்தக்க எழுத்தாகும்.

இவ்வுரை சமயக் கொள்கையை ஆராய்வதன்று. எச்சமயத்து மாணவர்க்கும் பொதுவான ஒரு வினாவையே இது எடுத்துக்கொள்கிறது. ஒருவர் தம் உள்ளத்தில் உள்ளதைத் தமிழில் எழுத முற்படும்போது எந்தத் தமிழை எடுத்துக்கொள்கிறார்? வழிபாட்டில் கேட்டுப் பழகிய தமிழையா, வீட்டிலும் வேலைக்களத்திலும் வழங்கும் தமிழையா?

இரண்டு தமிழ்

லூனாஸ், பாடாங் செராய், கூலிம் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை. விடியற்காலையில் பெரட்டுக்களம், பிறகு பால்மரக் காடு, கத்தி, மங்கு, காண்டா, ஒட்டுப்பால், கணக்கெழுதும் கிராணி, மாலையில் லயத்து வாசல். இவை வேலையிலிருந்து பிறந்த சொற்கள். மங்கு என்பது கிண்ணத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல்லோடு உறவுடையது. வீட்டுக் கிண்ணத்திற்கும் மரத்தில் பால் ஏந்தும் கோப்பைக்கும் அதுவே பெயராயிற்று.

அதே மக்கள் ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டிற்குச் சென்றால் கேட்பது வேறு தமிழ். கிருபை, இரட்சிப்பு, ஞானஸ்நானம், பரிசுத்த ஆவி என்பன ஒரு மரபினர் கேட்பவை. அருள், மீட்பு, திருமுழுக்கு, தூய ஆவி என்பன மற்றொரு மரபினர் கேட்பவை. இரண்டுமே பெரட்டுக்களத்தில் ஒலிக்காத சொற்கள். முன்னிலைப் பெயரும் மாறுகிறது. தோட்டத்துப் பேச்சில் நீ, நீங்கள் என்னும் இரண்டே உள்ளன. வேண்டுதலில் மட்டும் ‘நீர்’ என்னும் இடைநிலை மதிப்புச் சொல் வருகிறது. நெல்லை வட்டாரத்திலும் யாழ்ப்பாணத்திலும் இச்சொல் இன்றும் பேச்சில் உண்டு. கெடாவில் பிறந்த குழந்தையோ தந்தையை ‘நீங்க’ என்றும் இறைவனை ‘நீர்’ என்றும் அழைக்கக் கற்கிறது. ஒரு காலத்தில் மனிதரிடையே வழங்கிய சொல் அதற்கு வழிபாட்டிற்கு மட்டுமே உரிய சொல்லாகத் தோன்றுகிறது.

கடலோரப் பேச்சிலிருந்து அச்சு நூலுக்கு

வழிபாட்டுத் தமிழ் தொடக்கத்திலிருந்தே மக்கள் பேச்சினின்று விலகி நின்றது என்று கருதுதல் பொருந்தாது. வரலாறு வேறு விதமாக உள்ளது.

1554இல் லிஸ்பன் நகரில் தமிழ்ச் செபங்கள் உரோமன் எழுத்தில் அச்சிடப்பட்டன. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று. அதனை உருவாக்கிய என்றிக்கே என்றிக்கசு அடிகளார் முத்துக்குளித்துறையில் பரதவ மக்களிடையே வாழ்ந்து, அவர்களிடமே தமிழ் கற்றவர். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர், மணலில் எழுதிப் பழகும் சிறுவரோடு அமர்ந்து தமிழ் எழுத்துகளைப் பயின்றார். வீரமாமுனிவர் ஒருபுறம் தேம்பாவணி என்னும் பெருங்காப்பியம் இயற்றினார்; மறுபுறம் மக்கள் வழக்குத் தமிழுக்கெனக் ‘கொடுந்தமிழ்’ இலக்கணம் ஒன்றை 1728இல் எழுதி முடித்தார். செய்யுட்டமிழும் வழக்குத் தமிழும் தனித்தனி இலக்கணம் பெறத்தக்கவை என்று அவர் கருதியது குறிப்பிடத்தக்கது.

ஆகவே ஒவ்வொரு காலத்திலும் எழுதியவர்கள் தம் காலத்து மக்களிடம் சென்றே சொல் தேடினர். தேடிய சொல் நூலில் ஏறியபின் நிலைத்துவிட்டது. மக்கள் பேச்சு மேலே நகர்ந்தது. இடைவெளி அவ்வாறு உண்டானது.

கடவுளைக் குறிக்கும் சொற்களே இதற்குச் சான்று. 16ஆம் நூற்றாண்டில் என்றிக்கசு ‘தம்பிரான்’ என்றார். 17ஆம் நூற்றாண்டில் மதுரையில் பணியாற்றிய தத்துவ போதகர் என்னும் இராபர்ட் தெ நொபிலி ‘சருவேசுரன்’ என்றார். 18ஆம் நூற்றாண்டில் பப்ரிசியசு ‘பராபரன்’ என்று மொழிபெயர்த்தார். 1871இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்றது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு ‘கடவுள்’ என்கிறது. ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளில் ஐந்து சொற்கள். எதுவும் முடிந்த முடிபாக அமையவில்லை. நம்பிக்கையின் மொழி தொடர்ந்து ஆக்கப்பட்டு வருவது என்பதே இதனால் பெறப்படும். அவ்வாக்கத்தில் அறிஞர்க்கு மட்டுமன்றி, ஒரு பக்கச் சிந்தனை எழுதும் தோட்டத்து ஆசிரியைக்கும் பங்குண்டு.

தோட்டம் என்னும் சொல்

மொழிபெயர்ப்பாளர் ஓரளவிற்குத்தான் செல்ல இயலும். எஞ்சிய தொலைவைச் சிந்தனை எழுதுவோரே கடக்க வேண்டும். மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டத்து வேலையாட்களைப் பற்றிய உவமை உள்ளது. விடியற்காலையில் வந்தவர்க்கும் மாலை ஐந்து மணியளவில் வந்தவர்க்கும் உரிமையாளர் ஒரே கூலியைக் கொடுக்கிறார். அக்கூலியை 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு ‘பணம்’ என்றது. 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு ‘தெனாரியம்’ என்கிறது. பணம் அக்காலத்து வாசகர்க்குத் தெரிந்த நாணயம். இன்றோ பொதுவாகச் செல்வத்தைக் குறிக்கிறது. தெனாரியம் உரோம நாணயத்தின் பெயரைப் பிழையின்றித் தருகிறது. ஆயினும் நம் கையில் புழங்கியதில்லை. இரண்டிலும் ‘ஒரு நாட்சம்பளம்’ என்னும் பொருள் உடனே மனத்தில் படுவதில்லை.

ஆனால் இவ்வுவமையில் உள்ள மற்றொரு சொல் மலேசியத் தமிழர்க்கு மிக அணுக்கமானது. தமிழ்நாட்டு வாசகர்க்குத் தோட்டம் என்பது பூவும் காயும் விளையும் நிலம். நமக்கோ தோட்டம் என்பது லயமும் பெரட்டும் கிராணியும் சம்பளநாளும் கூடிய ஒரு முழு உலகம். நாட்கூலிக்கு உழைத்தவர் இவ்வுவமையைப் படிக்கும்போது, பிந்தி வந்தவனுக்கும் முழுச் சம்பளமா என்னும் முறையீட்டை உரையாசிரியர் துணையின்றியே உணர்வார். மழையால் வேலையிழந்தவர், நோயால் பிந்தி வந்தவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும் என்பதையும் அவரே அறிவார். இவ்வனுபவத்தை எழுதினால் உவமைக்கு ஒரு புதிய விளக்கம் தமிழில் உண்டாகும். எழுதாவிடின் அது அவரோடு மறைந்துபோகும்.

சாட்சி என்பதன் பொருள்

கிறித்தவர்கள் தம் வாழ்வில் நிகழ்ந்ததை எடுத்துரைப்பதைச் ‘சாட்சி சொல்லுதல்’ என்பர். சாட்சி வழக்காடு மன்றத்துச் சொல். நேரிற் கண்டவன் என்பதே வடமொழியில் அதன் பொருள். மன்றத்தில் சாட்சியாக நிற்பவன் தீர்ப்புக் கூறுவதில்லை. எந்த நாள், எந்த இடம், யார் இருந்தார், என்ன நடந்தது என்பவற்றையே கூறுகிறான். இச்சொல்லின் பொருளை உள்ளவாறு மேற்கொண்டால், அன்றாட விவரம் அவ்வெழுத்திற்கு இன்றியமையாதது என்பது விளங்கும். விளக்கத்திற்காக இரு பத்திகளை நானே அமைத்துத் தருகிறேன்.

முதற் பத்தி: “கர்த்தருடைய கிருபையினாலே நான் பல துன்பங்களைக் கடந்து வந்தேன். அவர் என்னைக் கைவிடவில்லை. அவருடைய அன்பு அளவற்றது.”

இரண்டாம் பத்தி: “விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டால் அன்று வெட்டு இல்லை. அம்மா கத்தியைத் தீட்டி வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து மரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாம் நாளும் மழை. கடைக்காரர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார், அரிசி தரவில்லை. அன்று மாலை அடுத்த வீட்டு அக்காள் ஒரு மங்கு அரிசி கொண்டுவந்தார். அவர் வீட்டிற்கும் அதே மழைதான். கிருபை என்னும் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மங்கு நினைவுக்கு வரும்.”

இரண்டிலும் ‘கிருபை’ ஒருமுறையே வருகிறது. முதற் பத்தியில் அது கூற்றாக நிற்கிறது. இரண்டாவதில் பொருள் பெறுகிறது. அதைப் படித்து முடித்த மாணவர், எச்சமயத்தவராயினும், கிருபை என்பதற்கு ஒரு விளக்கம் அறிந்தவராகிறார். அகராதி தரும் விளக்கத்தினும் இது மனத்தில் நிற்பது.

இலக்கண நிலையிலும் ஒரு வேறுபாடு உண்டு. முதற் பத்தியில் இருமுறை இறைவன் பக்கத்தனவே எழுவாயாக வருகின்றன. எஞ்சிய இடத்தில் ‘நான்’. இரண்டாவதில் மழை, அம்மா, கடைக்காரர், அக்காள் ஆகியோர் எழுவாயாகின்றனர். தன்மை இடம் இறுதியில் ‘எனக்கு’ என நான்காம் வேற்றுமையில் வருகிறது. எனக்குக் கிடைத்தது, எனக்குப் புரிந்தது, எனக்கு நினைவுக்கு வந்தது என்பன தமிழின் இயல்பான தொடரமைப்புகள். தானே முயன்று செய்ததினின்றும் தன்னிடம் வந்து சேர்ந்ததைப் பிரித்துக் காட்ட இவை உதவுகின்றன. கொடையாகப் பெற்றதைப் பற்றி எழுதுவோர்க்குத் தமிழ் இத்தகைய வாயிலை வைத்திருப்பது பெரும் துணையாகும்.

இரண்டாம் பத்தி கொச்சை மொழியில் அமையவில்லை என்பதையும் நோக்குக. வினைமுற்றுகள் எழுத்து வழக்கிலேயே உள்ளன; பெயர்ச்சொற்களே வாழ்க்கையிலிருந்து வந்தவை. இலக்கணப் பிழையின்றி எழுதுவதற்கும் அன்றாடச் சொல்லை ஆள்வதற்கும் முரண்பாடு இல்லை.

இரு வழக்கும் வேண்டும்

பழைய வழிபாட்டுச் சொற்களைக் கைவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. ‘நீர்’ என்று அழைத்து ஆறுதல் பெற்ற முதியோர் நம்மிடையே உள்ளனர். அச்சொற்கள் அவர்களைத் தம் பெற்றோரோடும் தமிழகத்து ஊர்களோடும் இணைப்பவை. மேலும் அவற்றிற் சில சமய எல்லையைக் கடந்தவை. சூலை 26ஆம் நாள் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவிற்குச் செல்லும் கத்தோலிக்கர் ‘நேர்ச்சை’ என்பர். தைப்பூசத்திற்குக் காவடி எடுப்போர் ‘நேர்த்திக்கடன்’ என்பர். நேர்தல் என்னும் ஒரே வினையடியிலிருந்து பிறந்தவை இரண்டும்.

நம்பிக்கையையும் பொது வாழ்வையும் எளிய உரைநடையில் இணைத்தோர்க்கு முன்னோடியாக மாயூரம் வேதநாயகம் பிள்ளையைக் கூறலாம். கத்தோலிக்கராகிய அவர் முன்சீபாகப் பணியாற்றினார். 1878இல் ‘சருவ சமய சமரசக் கீர்த்தனை’யையும், 1879இல் தமிழின் முதல் நாவல் எனப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தையும் வெளியிட்டார். தமிழில் உரைநடை நூல்கள் இல்லாக் குறையை நீக்கவே அந்நாவலை எழுதினார். குடும்பமும் வழக்கும் நகைச்சுவையும் கலந்த அவ்வுரைநடை எல்லாச் சமயத்தார்க்கும் உரியதாயிற்று.

கெடாவில் இப்பணிக்குக் காலம் குறுகி வருகிறது. ரப்பர் இருந்த இடங்களில் செம்பனை வந்தது. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. பால் வெட்டியவர்களின் பிள்ளைகள் தொழிற்சாலைகளில் ஷிப்ட்டு வேலைக்குச் செல்கின்றனர். பெரட்டும் காண்டாவும் அவர்களின் பிள்ளைகளுக்குப் பொருள் விளங்காச் சொற்களாகி வருகின்றன. அவற்றைப் புழங்கியவர்களின் கையெழுத்தில் அவை பதிவு பெற இத்தகைய சிறு கட்டுரைகள் எஞ்சியுள்ள வழிகளுள் ஒன்று. அதுபோல் ஷிப்ட்டும் ஓவர்டைமும் இன்றைய வாழ்வின் சொற்களே. இரவு வேலை முடிந்து விடியலில் வீடு திரும்பும் இளைஞர் தம் சிந்தனையை அவற்றாலேயே எழுதலாம்.

ஆசிரியர்க்குச் சில பரிந்துரைகள் கூறி முடிக்கிறேன். அருள், அன்பு, அறம், பொறுமை போன்ற ஒரு சொல்லை மாணவரிடம் கொடுங்கள். அச்சொல் கட்டுரையில் ஒருமுறைக்கு மேல் வரலாகாது என்று வரையறுங்கள். எஞ்சிய இடத்தை, அச்சொல்லின் பொருளைத் தாம் நேரிற் கண்ட ஒரு நாளைக் கொண்டு நிரப்பச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள பாட்டியிடமோ தாத்தாவிடமோ கேட்டு, தொழிற்சொற்களை அவர்கள் சொன்னவாறே எழுதச் செய்யுங்கள். கிறித்தவ மாணவர் கிருபையைப் பற்றி எழுதலாம்; சைவ மாணவர் திருவருளைப் பற்றியும், முசுலிம் மாணவர் இறையச்சத்தைப் பற்றியும் எழுதலாம். சொல் அவரவர் மரபிலிருந்து வரட்டும். அதற்குரிய சாட்சியம் அவரவர் வீட்டிலிருந்து வரட்டும்.