பாலுக்கு வழி பிறந்தது; தக்காளிக்கு எப்போது?

புது தில்லி: அறுவடைக் காலத்தில் விலையின்றிச் சாலையோரத்தில் கொட்டப்படும் தக்காளி, இரண்டே மாதங்களில் மாநகரக் கடைகளில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டுவது நம் நாட்டில் பழகிப்போன காட்சியாகிவிட்டது. 2023-ஆம் ஆண்டு மே மாதம் மகாராஷ்டிர மாநிலம் நாசிக் பகுதியில் கிலோவுக்கு ஓரிரு ரூபாய் மட்டுமே கிடைத்ததால் விவசாயிகள் தக்காளியை வீதியில் கொட்டினர். அதே ஆண்டு ஜூலை 14 முதல், தில்லியில் தேசிய கூட்டுறவு நுகர்வோர் கூட்டமைப்பு வாகனங்களில் தக்காளியை ஏற்றி வந்து, மானிய விலையாகக் கிலோ 90 ரூபாய்க்கு விற்க நேர்ந்தது.

தக்காளியைவிட வெகு விரைவில் கெடக்கூடியது பால். குளிர்விக்காவிட்டால் கறந்த சில மணி நேரத்திலேயே திரிந்துவிடும். ஆயினும், லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைக்குப் பிந்தைய பொறியியல், தொழில்நுட்ப நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தக்காளியில் வீணாவது 12.44 சதவீதம், பாலில் வீணாவது 0.92 சதவீதம் மட்டுமே. பழங்கள், காய்கறிகள், தானியங்கள் உள்ளிட்ட அனைத்து விளைபொருள்களிலும் ஏற்படும் இழப்பின் மதிப்பு 2014-ஆம் ஆண்டு விலையில் ரூ. 92,651 கோடி என அந்த ஆய்வு மதிப்பிட்டது.

எளிதில் கெடும் பொருள் காப்பாற்றப்படுகிறது. அதைவிடச் சில நாள்கள் கூடுதலாகத் தாங்கும் பொருள் வீணாகிறது. இந்த முரண்பாட்டுக்கான விடை குஜராத்தின் ஆனந்த் நகரில் இருக்கிறது.

குளிர்காலம் கற்பித்த பாடம்

1946 டிசம்பர் 14-ஆம் தேதி திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் கைரா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் பதிவு செய்யப்பட்டது. பின்னாளில் "அமுல்" என்று நாடறிந்த நிறுவனம் இதுவே. பம்பாய் பால் திட்டத்துக்குப் பால் அனுப்புவதே தொடக்கத்தில் அதன் முக்கியப் பணியாக இருந்தது.

இங்குதான் சிக்கல் எழுந்தது. எருமைகள் பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டிக் கன்று ஈனுவதால் குளிர்காலத்தில் பால் பெருகும், கோடையில் வற்றும். நகர மக்களின் தேவையோ ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவு. கோடையில் சற்றுக் கூடவும் செய்யும். குளிர்காலத்தில் வந்த உபரிப் பாலை முழுமையாக வாங்கிக்கொள்ள பம்பாயால் இயலவில்லை. வாங்க ஆளில்லாத பால் உற்பத்தியாளரின் தலையில் விழுந்தது.

தீர்வு, உபரியைப் பவுடராக மாற்றுவது. எருமைப் பாலில் பவுடர் தயாரிப்பது சாத்தியமில்லை என்று மேலை நாட்டு வல்லுநர்கள் கருதிய காலம் அது. ஒன்றியத்தின் பொறியாளர் எச்.எம். தலாயா அது முடியும் என்று நிரூபித்தார். 1949-இல் ஆனந்துக்கு வந்து ஒன்றியத்தை நிர்வகித்த வர்கீஸ் குரியன் அதற்குத் துணை நின்றார். 1955 அக்டோபர் 31-ஆம் தேதி புதிய தொழிற்சாலையைப் பிரதமர் நேரு திறந்து வைத்தார்.

திட்டமிடலின் தலைகீழ் முறை

மோட்டார் வாகனத் தொழிற்சாலையில் முதலில் விற்பனைத் தேவை கணிக்கப்படுகிறது; அதற்கேற்ப உதிரி பாகங்கள் வாங்கப்படுகின்றன. தேவை குறைந்தால் உற்பத்தியை நிறுத்திவைக்கலாம். பால் பண்ணையில் இது நடவாது. "இன்று வேண்டாம்" என்று மாட்டிடம் சொல்ல முடியாது. காலையும் மாலையும் வந்து சேரும் பால் எவ்வளவோ, அவ்வளவையும் ஏற்றாக வேண்டும். எனவே இங்கு மூலப்பொருளின் வரவை ஒட்டியே உற்பத்தி திட்டமிடப்படுகிறது.

அன்றைய நகரத் தேவைக்கான பால் முதலில் ஒதுக்கப்படும். அடுத்து, சில நாள்களே தாங்கும் தயிர், மோர், பன்னீர். எஞ்சுவது மாதக்கணக்கில் இருப்பு வைக்கக்கூடிய வெண்ணெய், நெய், பாலாடைக்கட்டி, கொழுப்பு நீக்கிய பவுடர் ஆகியவையாக மாறும். கோடையில் பால் வரத்து குறையும்போது அதே பவுடரும் வெண்ணெய்க் கொழுப்பும் நீருடன் சேர்க்கப்பட்டு மீண்டும் பாலாகின்றன. 3 சதவீதக் கொழுப்பும் 8.5 சதவீதம் பிற திடப்பொருள்களும் கொண்ட சமன்படுத்திய பாலைத் தயாரிப்பதற்கும் பவுடர் கைகொடுக்கிறது. பால் பண்ணைக்குப் பவுடர் ஆலை என்பது, ஆற்றுக்கு அணை போன்றது.

கிராமம் முதல் தலைநகர் வரை

இந்த முறையை நாடெங்கும் கொண்டுசெல்ல 1965-இல் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டது. 1970 முதல் 1996 வரை மூன்று கட்டங்களாக "வெண்மைப் பெருக்குத் திட்டம்" நடந்தேறியது. முதற்கட்டத்தில் 18 பால் உற்பத்திப் பகுதிகள் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களுடன் இணைக்கப்பட்டன. ஐரோப்பிய நாடுகள் நன்கொடையாக அளித்த பவுடரையும் வெண்ணெய்க் கொழுப்பையும் பாலாக்கி விற்று வந்த பணமே இதற்கு முதலீடாயிற்று. தலைநகரில் மதர் டெய்ரி 1974-இல் தொடங்கப்பட்டது.

இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததைப் பற்றி நிற்கிறது. கிராமச் சங்கத்தில் பால் அளக்கப்பட்டு, கொழுப்பின் அளவு சோதிக்கப்பட்டு, தரத்துக்கேற்ப விலை கணக்கிடப்படுகிறது. அங்கேயோ அருகிலுள்ள நிலையத்திலோ அது 4 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்விக்கப்பட்டு, டேங்கர் லாரியில் மாவட்ட ஆலைக்குச் செல்கிறது. பற்றாக்குறை உள்ள நகருக்கு உபரி மாநிலத்திலிருந்து பால் அனுப்பப்படுகிறது.

2020-இல் கரோனா பொது முடக்கத்தால் பயணிகள் ரயில்கள் நின்றபோது, மார்ச் 26-ஆம் தேதி முதல் ஆந்திரத்தின் ரேணிகுண்டாவிலிருந்து தில்லி நிஜாமுதீனுக்குப் பாலுக்கென்றே தனி ரயில் விடப்பட்டது. தலா 40,000 லிட்டர் கொண்ட ஆறு டேங்கர்களுடன், சுமார் 2,300 கி.மீ. தொலைவை 30 மணி நேரத்தில் அது கடந்தது.

1998 முதல் பால் உற்பத்தியில் உலகின் முதலிடத்தில் இருக்கும் இந்தியாவின் உற்பத்தி, 2023-24-இல் 23.93 கோடி டன்னாக இருந்தது.

அணை நிரம்பினால்...

இம்முறை குறையற்றது என்று கூறிவிட முடியாது. பவுடர் விற்றால்தான் அடுத்த உபரிக்கு இடம் கிடைக்கும். 2018-இல் சர்வதேச விலை சரிந்து கிடங்குகளில் பவுடர் தேங்கியதால் கொள்முதல் விலை வீழ்ந்தது. ஜூலையில் மகாராஷ்டிர விவசாயிகள் பாலைச் சாலையில் கொட்டிப் போராடிய பிறகே, லிட்டருக்கு 25 ரூபாய் வழங்க மாநில அரசு முன்வந்தது. கூட்டுறவு வலுவாக வேரூன்றாத பகுதிகளில் உற்பத்தியாளரின் நிலை இன்னும் நிச்சயமற்றதே.

தக்காளியின் நிலை

வெண்மைப் பெருக்குத் திட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு, 2018-19 மத்திய பட்ஜெட்டில் தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்குக்காக "ஆபரேஷன் கிரீன்ஸ்" திட்டம் ரூ. 500 கோடியில் அறிவிக்கப்பட்டது. விளைச்சல் மிகும்போது சரக்கை எடுத்துச் செல்லவும் சேமிக்கவும் ஆகும் செலவில் பாதி மானியமாக வழங்கப்பட்டது. 2021-22 பட்ஜெட்டில் இத்திட்டம் விரைவில் கெடும் 22 விளைபொருள்களுக்கு விரிவுபடுத்தப்பட்டது.

எனினும் பாலுக்கும் தக்காளிக்கும் இடையே அடிப்படை வேறுபாடு உண்டு. பால் ஆலை ஆண்டின் 365 நாளும் இயங்குகிறது. தக்காளிக் கூழ் ஆலைக்கோ அறுவடைக் காலத்தில் மட்டுமே வேலை. கூழுக்கு நீர் குறைந்த, சதைப்பற்றுள்ள ரகம் தேவை. சந்தைக்கென விளைவிக்கப்படும் தக்காளியில் நீர் மிகுதி என்பதால் அதைக் காய்ச்சி வற்றவைக்க எரிபொருள் செலவு கூடுகிறது. மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் ஆலைகள் அதை வாங்குவதில்லை.

பால் உற்பத்தியாளருக்கு, கறக்கும் முன்பே வாங்குபவர் யார் என்பது தெரியும். விலை எப்படிக் கணக்கிடப்படும் என்பதும் தெரியும். தக்காளி விவசாயிக்கு நாற்று நடும்போது இவ்விரண்டும் தெரிவதில்லை. முந்தைய பருவத்து விலையே அவருக்கு வழிகாட்டி. விலை ஏறிய ஆண்டில் பலரும் நடுகின்றனர். அடுத்த பருவத்தில் அனைவரும் சேர்ந்து நட்டமடைகின்றனர். குளிர்பதனக் கிடங்குகளும் லாரி மானியமும் அறுவடைக்குப் பின் உதவக்கூடியவை. எந்த ரகத்தை, எவ்வளவு, யாருக்காக விளைவிப்பது என்ற திட்டமிடல் விதைப்புக்கு முன்பே தொடங்கினால்தான் ஆனந்தில் பாலுக்குப் பிறந்த வழி, நாசிக்கின் தக்காளிக்கும் பிறக்கும்.