தில்லை மரத்தின் பால்: நஞ்சா, மருந்தா?

பங்சார் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். பால்மரம் வெட்டிய தலைமுறை நம்மிடையே இன்னும் இருக்கிறது. அந்தப் பால்மரத்திற்கு உப்புத் தண்ணீரில் வாழும் உறவுக்கார மரம் ஒன்று உண்டு. சிலாங்கூர் கடலோரப் பாக்காவ் காடுகளில் வளரும் அதை மலாய்க்காரர்கள் ‘பூத்தா-பூத்தா’ என்கிறார்கள். ‘பூத்தா’ என்றால் குருடு. தமிழில் அதன் பெயர் தில்லை. சிதம்பரத்திற்குத் தில்லை என்ற பெயரைத் தந்த அதே மரம்தான். இன்று அதைப் பார்க்க அருகிலுள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டிற்குத்தான் போக வேண்டும்.

கிளையை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். தோலில் பட்டால் கொப்புளம் போடும். கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையே போகலாம். மீன்களை மயக்கிப் பிடிக்கவும் இந்தப் பாலைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

உப்புச் சேற்றில் இந்த மரம் எப்படிப் பிழைக்கிறது? அதே காட்டில் வளரும் அப்பி-அப்பி மரம், இலையிலுள்ள சுரப்பிகள் வழியே உப்பை வெளியேற்றும். தில்லைக்கு அந்த வசதி இல்லை. அது முதிர்ந்த இலைகளில் உப்பைச் சேர்த்து, அவற்றை உதிர்த்துவிடுகிறது. உதிரும் முன் அந்த இலைகள் சிவக்கும். உப்பு மிகும்போது செல்களைச் சிதைக்கும் ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் உருவாகும். அவற்றைத் தணிக்க உவர்நிலச் செடிகள் பாலிபீனால் போன்ற பொருள்களைக் கூடுதலாகத் தயாரிக்கின்றன. பாலின் வேலை வேறு: மரத்தைத் தின்ன வரும் உயிர்களை விரட்டுவது.

அந்த விரட்டும் வேதிப்பொருள்தான் ஆய்வாளர்களை ஈர்த்தது. ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் சேகரித்த தில்லையிலிருந்து, எச்.ஐ.வி. கிருமியைத் தடுக்கும் ‘ஃபோர்பால் எஸ்டர்’ வகைப் பொருள் ஒன்றைப் பிரித்தெடுத்ததாக 1995-இல் ஆய்வறிக்கை வெளியானது. சமோவாத் தீவின் ‘மமாலா’ மரத்தில் கிடைத்த ‘ப்ரோஸ்ட்ராட்டின்’ இதற்கு நெருங்கிய பொருள். எச்.ஐ.வி. சில செல்களுக்குள் உறங்கிக் கிடக்கும். அப்போது மருந்துகள் அதை அழிக்க முடியாது. ப்ரோஸ்ட்ராட்டின் அந்தக் கிருமியைத் தட்டி எழுப்பி வெளிக்கொணரும். இதனால்தான் இவ்வகைப் பொருள்கள் மீது எதிர்பார்ப்பு எழுந்தது.

ஆனால் இதே குடும்பத்தில் ஆபத்தும் இருக்கிறது. சித்த மருத்துவத்தில் சுத்தி செய்யாமல் சேர்க்கக் கூடாத நேர்வாளத்தின் எண்ணெயில் உள்ளதும் ஒரு ஃபோர்பால் எஸ்டரே. ஆய்வக எலிகளின் தோலில் அது புற்றுக்கட்டி வளர்வதைத் தூண்டுகிறது. மூலக்கூறின் ஓர் ஓரத்தில் சிறு மாற்றம் இருந்தாலும் பலன் தலைகீழாகிவிடும். பரிசோதனைக் குழாயில் கிருமியைத் தடுத்த பொருள் மனித உடலுக்கு மருந்தாக இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது. ஆகவே தில்லைப் பாலையோ இலையையோ கைவைத்தியமாக முயல வேண்டாம்.

கோல சிலாங்கூர் பாக்காவ் காட்டிற்குப் போனால், சிவந்த இலைகளுடன் நிற்கும் மரத்தைத் தேடிப் பாருங்கள். கிளையை மட்டும் ஒடிக்காதீர்கள். தவறிப்போய்ப் பால் கண்ணில் தெறித்தால் தேய்க்காமல், நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.