டெக் முதல் டைப்ஸ்ட் வரை: பக்கம் கட்டும் இரு மென்பொருள்கள்

சமன்பாடுகளும் அட்டவணைகளும் அடிக்குறிப்புகளும் மண்டிய ஆய்வேடுகளை உருவாக்க, பக்கத்தின் தோற்றத்தைத் திரையில் காட்டியபடியே தட்டச்சிட விடும் வேர்ட் போன்ற மென்பொருள்களைவிட, தலைப்பு எது, சூத்திரம் எது என்று உரையின் நடுவே குறியீடுகளால் எழுதித் தந்தால் அதைப் படித்துத் தானே பக்கம் கட்டித் தரும் மென்பொருள்களையே கணிதவியலாளர்கள் நெடுங்காலமாக நம்பிவருகின்றனர். அவற்றுள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கோலோச்சுவது டெக். அதற்கு மாற்றாக 2023இல் பொதுவெளிக்கு வந்தது டைப்ஸ்ட். புதியது பழையதை வென்றுவிட்டதா என்று கேட்பதைவிட, பழையதில் மூப்படையாதது எது என்று கேட்பதே பயன் தரும்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கணினியியலாளர் டொனால்ட் குனூத், தாம் எழுதிவந்த பெருநூலின் இரண்டாம் தொகுதியின் மறுபதிப்புக்கான மெய்ப்புகளை 1977இல் கண்டு மனம் நொந்தார். 1968இல் முதல் தொகுதியை ஈய எழுத்துகளால் அழகுற அச்சிட்ட முறை வழக்கொழிந்து, அதன் இடத்துக்கு வந்திருந்த ஒளி அச்சுக்கோப்பு எழுத்தின் வடிவையும் இடைவெளியையும் சீர்குலைத்திருந்தது. அச்சுக்கோப்பவர்களின் கைத்திறனைக் கணிதமாக்கிக் கணினிக்குக் கற்பிக்க அவர் முனைந்ததன் விளைவே டெக்.

அந்தக் கணிதத்தின் உச்சம், குனூத்தும் மைக்கேல் பிளாஸும் வகுத்த வரிமுறிப்பு முறை. சாதாரண மென்பொருள் ஒரு வரியில் கொள்ளுமளவு சொற்களை நிரப்பிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும்; பின்னால் வரும் வரி என்னவாகும் என்று அது பார்ப்பதில்லை. டெக்கோ பத்தி முழுவதையும் படித்த பிறகே முதல் வரியை எங்கே முறிப்பது என்று முடிவு செய்கிறது. சொற்களுக்கு இடையிலுள்ள ஒவ்வொரு இடைவெளிக்கும் ஓர் இயல்பான அகலமும், நீளவும் சுருங்கவும் இவ்வளவுதான் என்ற வரம்பும் உண்டு. வரியைச் சமன்படுத்துவதற்காக இடைவெளிகள் அந்த நீட்சி வரம்பை எட்டினால் வரியின் குறைமதிப்பு 100, அதைப்போல் இருமடங்கு நீண்டால் 800. இவ்வாறு வரிதோறும் கணித்து, மொத்தக் குறை மிகவும் தாழ்ந்திருக்கும் முறிப்பைத் தேர்ந்துகொள்வதால், ஐந்தாம் வரியின் நலனுக்காக இரண்டாம் வரி சற்றே விட்டுக்கொடுக்கிறது. நீண்ட சொற்கள் மலிந்த தமிழில், குறுகிய பத்தியின் வரிகளில் விழும் வெள்ளைப் பொத்தல்களைக் கண்டவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

1980களில் லெஸ்லி லாம்போர்ட், அத்தியாயம், மேற்கோள், உள்ளடக்கம் என எழுதுபவர் பேசும் மொழியிலேயே கட்டளையிட உதவும் லேடெக் என்னும் மேலடுக்கை டெக்கின்மேல் அமைத்தார். ஆய்வுலகம் அதை வரவேற்றது. ஆனாலும் அடித்தளத்தின் கடுமை நீங்கவில்லை. டெக்கில் ஒரு கட்டளை அதன் வரையறையாக விரிந்து, அதற்குள்ளிருக்கும் கட்டளைகளும் மேலும் விரிந்துகொண்டே போவதால், திறந்த அடைப்புக்குறி ஒன்றை மூட மறந்தாலும், பிழைச் செய்தி வேறெங்கோ தோன்றி, எழுதியவர் கண்டறியாத உட்கட்டளை ஒன்றின்மேல் பழிபோடும். பக்க எண்களும் குறுக்குச் சுட்டல்களும் சரியாக அமைய, ஒரே கோப்பை இரண்டு மூன்று முறை ஓட்டவும் வேண்டும்.

பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த லாரென்ஸ் மேட்யேவும் மார்ட்டின் ஹாகும் உருவாக்கிய டைப்ஸ்ட் இந்த இடத்தில்தான் வெல்கிறது. ஒரு பின்னத்துக்கு லேடெக் ஒரு பின்சாய்வுக்கோடும் ஒரு கட்டளைச் சொல்லும் இரண்டு இணை அடைப்புக்குறிகளும் கேட்க, டைப்ஸ்ட்டுக்கு இரு எண்களுக்கிடையே ஒரு சாய்கோடே போதும். முன்பு கணித்தவற்றை நினைவில் வைத்து, மாறிய பகுதியை மட்டும் மீண்டும் கணிப்பதால் திருத்தம் உடனுக்குடன் திரையில் தெரிகிறது. பிழையும் அது நிகழ்ந்த வரியிலேயே சுட்டப்படுகிறது. குறிப்பிடத்தக்கது என்னவெனில், இருபுறமும் சமன்படுத்திய பத்தியில் வரி முறிக்க டைப்ஸ்ட்டும் பத்தி முழுவதையும் எடைபோடும் அந்தப் பழைய வழியையே பின்பற்றுகிறது.

தமிழைப் பொறுத்தவரை, கோப்பில் மெய்க்குப் பின்னே பதிவாகும் கொம்பை அச்சில் முன்னே நிறுத்துவது தொடக்ககால டெக்கின் இயல்புக்கு அப்பாற்பட்டதாக இருந்தது. ஜோனதன் கியூ 2004இல் வெளியிட்ட ஸீடெக், யூனிகோடு எழுத்துருக்களை நேரடியாகக் கையாண்டு அக்குறையைப் போக்கியது. டைப்ஸ்ட் தொடக்கத்திலேயே யூனிகோடுமேல் எழுந்தது.

ஆயினும் நிலைபேற்றில் டெக்குக்கு இணையில்லை. நீளங்களையெல்லாம் அது அச்சு அளவையான புள்ளியின் 65,536இல் ஒரு பங்கை அலகாகக் கொண்டு முழு எண்களில் கணிப்பதால், எந்தக் கணினியிலும் ஒரே வரிமுறிப்பையே தருகிறது. புதிய வசதிகளைச் சேர்ப்பதை நிறுத்திவிட்ட குனூத், பிழை நீக்கும்போதெல்லாம் பதிப்பெண்ணில் பை என்னும் கணித மாறிலியின் இன்னோர் இலக்கத்தைச் சேர்க்கிறார். 2025 முடிவுவரை 1.0 பதிப்பை எட்டாத டைப்ஸ்ட்டிலோ, ஒரு பதிப்பில் எழுதிய கோப்பு அடுத்ததில் சிறு திருத்தம் கேட்பதுண்டு. அறிவியல் இதழ்கள் பலவும் தரும் வார்ப்புருக்கள் லேடெக்கில்தான் உள்ளன. ஆர்க்கைவ் என்னும் இணையக் களஞ்சியம் டெக் மூலக்கோப்பைப் பெற்றுத் தானே பக்கம் கட்டிக்கொள்கிறது. ஆகவே இதழுக்குக் கட்டுரை அனுப்புபவர் லேடெக்கைக் கற்றே தீரவேண்டும். பாடக்குறிப்பும் அறிக்கையும் எழுதுபவர் டைப்ஸ்ட்டைத் தயங்காமல் கையில் எடுக்கலாம்.