எசப்பாட்டுக்கு எத்தனை வருஷம் பாண்டு?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)

மலர்க் குழுவில் இருக்கும் அண்ணன் என்னைப் பிடித்து, "லேத் மெஷின் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுடா" என்றார். லேத்தைப் பற்றி இந்த மலரில் ஏற்கனவே மூன்று கட்டுரை வருகிறதாகக் கேள்வி. அதனால் நான் வேறு விஷயம் எழுதுகிறேன். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் போர்வைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு நான் என்னதான் பார்க்கிறேன் என்று என் அறை நண்பர்களுக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். அவர்களுக்கும் பதில் சொன்ன மாதிரி ஆகட்டும். நான் பார்ப்பது பேட்டில் ராப்.

அது என்ன? இரண்டு பேர் நேருக்கு நேர் நிற்பார்கள். பின்னால் இசை கிடையாது. ஒருவன் எதுகையும் இயைபுமாக அடுக்கி எதிராளியைக் கிழி கிழி என்று கிழிப்பான். எதிராளி வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். பிறகு அவன் முறை. பெரும்பாலும் ஆளுக்கு மூன்று சுற்று. ஒரு வரியில் இரண்டு மூன்று அர்த்தம் ஒளிந்திருக்கும், கூட்டத்துக்கு அது பிடிபடும்போது கூரை பறக்கும். நம் காளமேகப் புலவருக்கு இந்த மேடை கிடைத்திருந்தால் ஒருத்தனையும் விட்டிருக்க மாட்டார்.

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் காமன் பண்டிகைக்கு லாவணி நடக்கும். மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி. டேப்பைத் தட்டிக்கொண்டு விடிய விடிய எசப்பாட்டு. லீவுக்குப் போனபோது அப்பாயியிடம் ஒரு ராப் வீடியோவைக் காட்டினேன். ஒரு வார்த்தை புரியாமலே, "அவன் கேட்டதுக்கு இவன் பதிலே சொல்லலியே, மனப்பாடம் பண்ணுனத ஒப்பிக்கிறான்" என்றது. அங்கே ரசிகர்கள் இன்றும் சண்டை போட்டுக்கொள்வது இதைப் பற்றித்தான்!

ராப் இருக்கும் ஹிப் ஹாப் கலை பிறந்தது 1973 ஆகஸ்ட் 11 அன்று, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டு சுழற்றிய ஒரு விருந்தில் என்று சொல்வார்கள். 1981 டிசம்பரில் ஹார்லெம் வேர்ல்ட் என்ற கிளப்பில் பிசி பீ என்பவர் வழக்கம்போல் கூட்டத்தைக் கூவவைத்துக் கைதட்டு வாங்கினார். அடுத்து வந்த கூல் மோ டீ அவரையே பெயர் சொல்லி, வரிக்கு வரி பிய்த்து எறிந்தார். அந்த கேசட் கைக்குக் கை மாறியது. அந்தக் காலத்தில் இதற்கு முதலாளி என்று ஒருத்தரும் கிடையாது. தெருமுனை, பார்க், கிளப், அவ்வளவுதான். 2002ல் எமினெம் நடித்த "8 மைல்" படம் இதை உலகத்துக்கே காட்டியது. ஆனால் படத்தில் இசைக்கு நடுவே பாடுவார்கள். இன்றைக்கு நடப்பது இசையில்லாமல், வாரக்கணக்காக உட்கார்ந்து எழுதி மனப்பாடம் செய்து வருவது.

யூடியூப் வந்த பிறகு லீக்குகள் முளைத்தன. 2008ல் கனடாவின் டொரண்டோவில் கிங் ஆஃப் தி டாட், அதே வருஷம் இங்கிலாந்தில் டோன்ட் ஃப்ளாப், 2009ல் நியூயார்க்கில் யூ.ஆர்.எல்., 2010ல் பிலிப்பைன்ஸில் ஃப்ளிப்டாப். யூ.ஆர்.எல். திடீரென்று முளைத்ததல்ல. ஸ்மாக் என்பவர் அதற்கு முன்பே தெருச் சண்டைகளைப் படம் பிடித்து டி.வி.டி.யாக விற்றுக்கொண்டிருந்தார்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். லீக்கின் கையில் என்ன இருக்கிறது? மேடை, கேமரா, சேனல் மூன்றும். மேடைக் காசு ஒரு நாளோடு சரி. வீடியோ அப்படியல்ல. பத்து வருஷம் கழித்தும் யாராவது பார்ப்பான், அந்த வருமானம் சேனல்காரருக்குப் போகும். எழுதியவனுக்கு மேடை ஏறிய அன்றைக்குப் பேசிய தொகை மட்டும்தான் வழக்கம். அதுவும் சினிமாப் பாட்டு மாதிரி திரும்பத் திரும்பப் பாட முடியாது. ஒரு எதிராளிக்கு எழுதிய வரி இன்னொருத்தனுக்குச் செல்லாது. ஒரே ராத்திரியில் தீர்ந்துபோகிற சரக்கு. நம் ஒர்க்ஷாப் பாஷையில் சொன்னால், ஒவ்வொரு தடவையும் புது பேட்டர்ன் செய்து ஒரே ஒரு காஸ்டிங் எடுத்துவிட்டு உடைத்துப் போடுகிற வேலை!

இதில் ஒரு லீக் மட்டும் பெரிதாகிவிட்டால்? அங்கே போனால்தான் பேர் வரும். பேர் இருக்கிறவன் எல்லாம் அங்கே இருப்பதால்தான் கூட்டமும் அங்கே போகும். இந்த நேரத்தில் லீக் ஒரு காகிதத்தை நீட்டுகிறது. "இத்தனை காலம் எங்கள் மேடையில் மட்டும்தான் நிற்க வேண்டும், வேறு எங்கும் போகக் கூடாது." இதுதான் தனி ஒப்பந்தம்.

முதல் அடி சின்ன லீக்குகளுக்கு. ஒரு சின்ன லீக் மண்டபம் பிடித்து டிக்கெட் விற்க வேண்டுமென்றால் ஒரு பெரிய பேராவது போஸ்டரில் வேண்டும். அந்தப் பேருக்காக வருகிற கூட்டம்தான் முன்னால் நிற்கும் நாலு புதுப் பையன்களையும் பார்க்கும். பெரிய பேர்கள் எல்லாம் பூட்டுக்குள் போய்விட்டால் டிக்கெட் போகாது, மேடை மூடிக்கொள்ளும், புதுப் பையன்கள் தடுமாறித் தடுமாறிக் கற்றுக்கொள்ள இடமிருக்காது. பெரிய லீக்குகளுக்கு இது தெரியாதா? தெரியும். யூ.ஆர்.எல். புதியவர்களுக்கென்றே "புரூவிங் கிரவுண்ட்ஸ்" என்று தனி மேடை வைத்தது. நல்ல காரியம்தான். ஆனால் பயிற்சிக்கூடமும் அவர்களுடையது, தேர்வு வைப்பவரும் அவர்கள், வேலை கொடுப்பவரும் அவர்கள் என்று ஆகிவிடுகிறது.

இரண்டாவது அடி ரசிகனுக்கு. ஒருத்தன் இந்தப் பூட்டில், இன்னொருத்தன் அந்தப் பூட்டில் என்றால் இருவரும் சந்திக்கவே மாட்டார்கள். 2012ல் யூ.ஆர்.எல்.லின் சம்மர் மேட்னஸ் 2 நிகழ்ச்சியில் லோடட் லக்ஸ் சவப்பெட்டியோடு வந்து எதிராளி காலிகோவுக்கு இறுதிச் சடங்கே நடத்திவிட்டார். (பார்க்காதவர்கள் பாருங்கள், ஹாஸ்டல் வைஃபையில் ஓடும்.) அதே நிகழ்ச்சியில் மர்டா மூக்கும் நின்றார். ஆனால் மூக்கும் லக்ஸும் நேருக்கு நேர் மோதியது 2014ல், டோட்டல் ஸ்லாட்டர் என்ற வேறொரு மேடையில். காசு கட்டி வீட்டிலிருந்து பார்க்கிற ஏற்பாடு அது. இரண்டு பேரின் கையையும் ஒரு ஒப்பந்தம் கட்டிப் போட்டிருந்தால் வெளியாள் பணத்தோடு வந்தும் பயனில்லை.

மூன்றாவது யாரும் பெரிதாகப் பேசாதது, ஆனால் எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. பாட்டே மாறிப்போகிறது. நியூயார்க்கின் பெரிய மண்டபத்தில் இடி மாதிரி இறங்கும் வரி எடுபடும். இங்கிலாந்தில் டோன்ட் ஃப்ளாப் மேடையில் நக்கலும் நையாண்டியும் ஓடின. ஃப்ளிப்டாப்பில் தகலாக் மொழி, அதற்குப் பின்னால் 1924ல் மணிலாவில் தொடங்கிய பாலக்தாசன் என்ற செய்யுள் வாதப் பழக்கம். இத்தனை ருசி இருந்ததற்குக் காரணம் இத்தனை மேடை இருந்ததுதான். ஒரே மேடை என்றால் எல்லோரும் அந்த ஒரு கூட்டத்தின் கைதட்டலுக்கே எழுதுவார்கள்.

லீக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பேரே தெரியாத பையனுக்கு விமான டிக்கெட் போட்டு, கேமரா வைத்து, விளம்பரம் செய்து ஆளாக்கினால், மறுமாதம் இன்னொருவர் நூறு டாலர் கூடக் கொடுத்துக் கொத்திக்கொண்டு போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது? பாடகனுக்கும் நிரந்தரத் தொகை என்பது சின்ன விஷயமில்லை. 2020ல் பாடகர் டிரேக் சேர்ந்துகொள்ள, கஃபீன் என்ற நேரலைக் கம்பெனியோடு யூ.ஆர்.எல். கைகோத்தது. அந்த மாதிரிப் பணம் தெருமுனையில் நின்றவர்களுக்கு வராது. வாடகை கட்ட வேண்டியவனிடம் போய் "கலைக்காகக் கையெழுத்து போடாதே" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நமக்குத் தெரிந்த கிரிக்கெட்டிலும் இதே கதைதான். 1977ல் ஆஸ்திரேலியாவில் கெர்ரி பேக்கர் தனியாகப் போட்டி நடத்தினார். அவரிடம் போனவர்களுக்குக் கிரிக்கெட் அமைப்புகள் போட்ட தடை செல்லாது என்று அதே வருஷம் லண்டன் கோர்ட் சொல்லிவிட்டது. நான் பிறந்த 2007ல் இங்கே ஐ.சி.எல். வந்தது. கிரிக்கெட் வாரியம் தன் மைதானங்களைக் கொடுக்கவில்லை, முதல் போட்டிகள் பஞ்ச்குலாவில் நடந்தன. முதல் கோப்பையை ஜெயித்தது சென்னை சூப்பர் ஸ்டார்ஸ். நம்மில் எத்தனை பேருக்கு அது ஞாபகம் இருக்கிறது? ஆடியவர்களை வாரியம் ஒதுக்கி வைத்தது, 2009ல்தான் மன்னிப்பு என்று திரும்ப அழைத்தது. ஒரு ஆட்டக்காரனுக்கு இரண்டு வருஷம் என்பது எவ்வளவு என்று யோசியுங்கள்.

என்னைக் கேட்டால் ஒப்பந்தத்தில் மூன்று கேள்வி கேட்க வேண்டும். எத்தனை காலம்? மேடை தராத மாதங்களுக்கும் காசு உண்டா? வீடியோ வருமானத்தில் பங்கு உண்டா? "வேறெங்கும் போகாதே" என்பவன் தன்னிடம் வேலை இல்லாத நாளுக்கும் சோறு போட வேண்டும். காலம் குறைவாக, பங்கு ஒழுங்காக இருந்தால் பூட்டு அவ்வளவு உறுத்தாது.

இதையெல்லாம் இவ்வளவு நோண்டியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. போன மாதம் கேம்பஸ் இண்டர்வியூவில் எனக்கு ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. டிரெய்னி. இரண்டு வருஷம் பாண்டு, ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் அவர்களிடம் இருக்கும், நடுவில் போனால் பணம் கட்ட வேண்டும். ஐந்து பக்க ஆங்கிலம். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான்தான், அதனால் படித்துச் சொல்ல வேண்டியவனும் நான்தான். கொத்து வேலை முடிந்து வந்த அப்பா கை கழுவாமலே திண்ணையில் உட்கார்ந்து கேட்டார். ஒவ்வொரு பாராவாகத் தமிழில் சொன்னேன். முடிந்ததும், "தம்பி, ரெண்டு வருஷம் அவங்க சொன்ன எடத்துல இருக்கணும், சரி. அவங்க ஒன்னைய வேணாம்னு சொன்னா ரெண்டு வருஷத்துக்குக் காசு குடுப்பாங்களா? அது எங்க எழுதியிருக்கு?" என்றார்.

திரும்ப ஐந்து பக்கத்தையும் புரட்டினேன். எங்கும் எழுதியிருக்கவில்லை.

நூலகத்தில் தேடியதில், 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு கிடைத்தது. ஒருவன் தொழில் செய்வதையே தடுக்கிற ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாதாம். ஆனால் வேலையில் இருக்கும் காலத்துக்குப் போடுகிற கட்டுப்பாட்டைக் கோர்ட்டுகள் ஏற்றிருக்கின்றன. ஆக வேலையை விட்ட பிறகு வேறெங்கும் சேராதே என்பது வேறு, இருக்கிறவரை இங்கேயே இரு என்பது வேறு.

காகிதம் இன்னும் என் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. வருகிற வியாழக்கிழமை கடைசி நாள். சர்டிபிகேட்டுக்கு ரசீது தருவார்களா, அப்பா கேட்டதை ஒரு வரியாகச் சேர்ப்பார்களா என்று இரண்டு கேள்வியை எழுதி, பிளேஸ்மென்ட் சாரிடம் கொடுத்திருக்கிறேன். "இதுவரைக்கும் ஒருத்தரும் இப்பிடிக் கேட்டதில்லையே" என்றார். போன் பண்ணிப் பார்க்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டார்.