30.5 மில்லிமீட்டர் காற்று

கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவின் சேலைக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் ஏறி இறங்கும் கூட்டத்தில் எப்போதும் ஒரு பகுதி கல்யாண வீட்டுக் கூட்டம். கூறைப்புடவை, தாலிக்கொடி, அழைப்பிதழ் என்று நீளும் பட்டியலில் புகைப்படக்காரரும் ஓர் உருப்படி. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் லிட்டில் இந்தியாவிலும் கதை இதேதான். அந்தப் புகைப்படக்காரரின் தோள்பையைத் திறந்தால் அண்மை ஆண்டுகளின் மாற்றம் ஒன்று தெரியும். கேமரா பாடி புதியது, மிரர்லெஸ். லென்ஸ் பல ஆண்டுகள் உழைத்த பழையது. இரண்டையும் இணைப்பது ஒரு கறுப்பு வளையம்.

அந்த வளையத்தின் பெயர் அடாப்டர். முதன்முதலில் கையில் வாங்கிப் பார்ப்பவர், உள்ளே கண்ணாடி வில்லை எதுவும் இல்லையே என்று ஏமாறக்கூடும். நிக்கோனின் பழைய எஃப் லென்சைப் புதிய இசட் கேமராவில் பூட்டும் எஃப்டிஇசட் அடாப்டரில், மின் இணைப்புகளையும் சிறு மோட்டாரையும் விட்டுப் பார்த்தால், மிஞ்சுவது 30.5 மில்லிமீட்டர் காற்றுதான். அந்தக் காற்றுக்காகத்தான் காசு. அது ஏன் வேண்டியிருக்கிறது என்று புரிந்துகொண்டால், வீட்டு அலமாரியில் கிடக்கும் எந்த லென்ஸ் எந்தக் கேமராவில் வேலை செய்யும், எது செய்யாது என்பதைக் கடைக்காரரைக் கேட்காமலே சொல்லிவிடலாம்.

லென்ஸ் வந்து பூட்டிக்கொள்ளும் உலோக வாய்க்கு மவுண்ட் என்று பெயர். அதன் முகத்திலிருந்து உள்ளே இருக்கும் ஃபிலிம் அல்லது சென்சார் வரையிலான தூரம் ஒவ்வொரு மவுண்டுக்கும் மாறாத ஓர் எண். 1959இல் அறிமுகமான நிக்கோன் எஃப் மவுண்டுக்கு அது 46.5 மி.மீ. 1987இல் வந்த கேனான் இஎஃப் மவுண்டுக்கு 44. ஒலிம்பஸ் ஓஎம்முக்கு 46, மினோல்டாவின் பழைய எஸ்ஆர் மவுண்டுக்கு 43.5. லென்ஸ் செய்பவர் இந்த எண்ணை மனத்தில் வைத்தே வில்லைகளை அடுக்குகிறார். தூரத்து மலையின் பிம்பம் மவுண்டிலிருந்து சரியாக அத்தனை மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால்தான் படம் தெளியும்.

இந்த எண்கள் எல்லாம் 42க்கும் 47க்கும் நடுவே கூடி நிற்பதற்குக் காரணம், எஸ்எல்ஆர் கேமராவின் வயிற்றில் 45 பாகை சாய்ந்து நின்ற ஆடி. லென்ஸ் வழியே வரும் ஒளியை அது மேலே திருப்பிப் பார்ப்பவரின் கண்ணுக்கு அனுப்பியது. பொத்தானை அழுத்தியதும் மேலே மடிந்து ஒளிக்கு வழிவிட்டது. அது மடிந்து எழ இடம் வேண்டும். அந்த இடத்துக்காக லென்ஸ் எப்போதும் எட்டியே நிற்க வேண்டியிருந்தது.

லென்ஸ் வடிவமைப்பாளர்களுக்கு இது பெரும் தலைவலி. 35 மி.மீ. அல்லது 24 மி.மீ. குவியத்தூரமுள்ள அகலக்கோண லென்ஸ், எளிய வடிவில் இருந்தால், ஃபிலிமுக்கு மிக அருகில் உட்காரப் பார்க்கும். ஆடி அதை உள்ளே விடாது. பிரான்சின் பியர் ஆஞ்செனியூ 1950இல் கொண்டுவந்த ‘ரெட்ரோஃபோகஸ்’ லென்ஸ், முன்பக்கம் ஒரு குழிவில்லைத் தொகுதியை வைத்து ஒளியை முதலில் விரித்து, பிறகு குவித்து, பிம்பத்தைப் பின்னுக்குத் தள்ளியது. இடப்பிரச்சினை தீர்ந்தது. ஆனால் லென்ஸ் பருத்தது, உள்ளே வில்லைகள் கூடின.

லென்ஸ் எவ்வளவு நெருங்க விரும்பும் என்பதற்குத் திரைப்பட உலகில் மறக்கமுடியாத ஒரு சான்று உண்டு. ஸ்டான்லி குப்ரிக் தன் ‘பேரி லிண்டன்’ (1975) படத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் காட்சிகளை எடுக்க, நாசாவுக்காக ஸைஸ் நிறுவனம் செய்த 50 மி.மீ. எஃப்/0.7 லென்சைத் தேடிப் பிடித்தார். அதன் பின்வில்லை ஃபிலிமை ஏறக்குறைய தொடும் அளவுக்கு உள்ளே போக வேண்டியிருந்தது. எட் டிஜூலியோ என்ற தொழில்நுட்பர் மிட்செல் பிஎன்சி கேமராவையே அறுத்துச் செதுக்கி அதற்கு இடம் செய்து கொடுத்தார்.

மிரர்லெஸ் கேமராவில் ஆடி இல்லை. சென்சார் பார்ப்பதை அப்படியே சிறு திரையில் காட்டிவிடுவதால் ஆடிக்கு வேலையும் இல்லை. 2008இல் பானசோனிக் ஜி1 கேமராவுடன் வந்த மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் மவுண்டில் தூரம் 19.25 மி.மீட்டராகக் குறைந்தது. 2010இல் சோனி இ மவுண்ட் 18. 2012இல் ஃபூஜி எக்ஸ் 17.7. 2018இல் கேனான் ஆர்எஃப் 20, நிக்கோன் இசட் 16. ஆடி காலிசெய்த இடம்தான் இன்றைய அடாப்டரின் இடம். 46.5இலிருந்து 16 போனால் 30.5, 44இலிருந்து 20 போனால் 24. கழித்தல் கணக்கு தெரிந்தால் போதும்.

கணக்கில் மிச்சம் வராத இடத்தில் என்ன ஆகும் என்பதைக் கேனான் பயனாளர்கள் 1987இல் அனுபவித்தார்கள். 1971இல் அறிமுகமான எஃப்டி மவுண்டின் தூரம் 42 மி.மீ. கேனான் தானியங்கி ஃபோகஸுக்காகப் புதிதாகக் கொண்டுவந்த இஎஃப் மவுண்டுக்கு 44. இரண்டே இரண்டு மில்லிமீட்டர்தான் குறை. ஆனால் வளையத்தால் தூரத்தைக் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. எஃப்டி லென்சைப் புதிய கேமராவில் பூட்டினால் பக்கத்தில் இருக்கும் பூ தெளிவாகத் தெரியும். எதிர்வரிசைக் கட்டடம் தெரியாது. நடுவில் திருத்தும் வில்லை வைத்த அடாப்டர்கள் வந்தன. அவை படத்தின் தரத்தைக் குறைத்தன. அருமையான லென்சுகள் பெட்டிக்குள் போயின, விலை சரிந்தது. மிரர்லெஸ் வந்த பிறகு அதே எஃப்டி லென்ஸ் 24 மி.மீ. வெற்று வளையத்தின் மேல் சோனி கேமராவில் ஏறி, தூரத்து மலைவரை தெளிவாகக் காட்டுகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் முடங்கிக் கிடந்த ஒரு தலைமுறை லென்சுகளுக்கு இது மறுவாழ்வு. மிரர்லெஸ் செய்த நன்மைகளில் இதை முதல் வரிசையில் வைக்க வேண்டும்.

அடுத்த தலைமுறைக்கு நிலைமை எளிது. எஸ்.டி. விஜய் மில்டன் ஒளிப்பதிவில் பாலாஜி சக்திவேல் இயக்கிய ‘வழக்கு எண் 18/9’ 2012இல் வந்தபோது, அது கேனான் 7டி கேமராவில் எடுக்கப்பட்ட படம் என்பது பெரிதாகப் பேசப்பட்டது. அந்தக் காலத்தில் குறும்படம், கல்யாண வீடியோ என்று இறங்கியவர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த இஎஃப் லென்சுகளுக்குக் கேனானே ஆர்எஃப் அடாப்டர் செய்கிறது. தானியங்கி ஃபோகஸ், அபெர்ச்சர், அதிர்வுத் தடுப்பு மூன்றும் மின்தொடர்பு வழியே வேலை செய்கின்றன. சொல்லப்போனால் ஃபோகஸ் முன்பைவிடத் துல்லியம். டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸை அளந்தது தனியாக இருந்த வேறொரு சென்சார். அதற்கும் படம் எடுக்கும் சென்சாருக்கும் மயிரிழை வேறுபாடு இருந்தாலும் மணமகளின் கண்ணுக்குப் பதில் காது தெளிந்துவிடும். மிரர்லெஸ்ஸில் படம் எடுக்கும் சென்சாரே ஃபோகஸையும் அளக்கிறது.

எல்லா அடாப்டரும் இப்படி இல்லை. வாங்குபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். இஎஃப் லென்சின் அபெர்ச்சரை இயக்குவது மின்சாரம்; மின்தொடர்பு இல்லாத மலிவு வளையத்தில் பூட்டினால் அது முழுதாகத் திறந்தே நிற்கும். நிக்கோனின் ஏஎஃப்-டி வகை லென்சுகளுக்குள் மோட்டார் கிடையாது; பழைய கேமரா பாடியிலிருந்த மோட்டார் ஒரு திருகு வழியே அவற்றைச் சுழற்றியது. எஃப்டிஇசட் அடாப்டரில் அந்தத் திருகு இல்லை. லென்ஸ் பூட்டிக்கொள்ளும், படமும் வரும், ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். மண்டபத்தில் மாலை மாற்றும் வேளையில் இதைக் கண்டுபிடிப்பது பெருந்துன்பம். சோனி இந்த விஷயத்தில் தாராளம் காட்டியது. 2006இல் கோனிகா மினோல்டாவின் கேமராத் தொழிலை எடுத்துக்கொண்ட அந்நிறுவனம், 2020இல் மோட்டாரோடு கூடிய எல்ஏ-இஏ5 அடாப்டரை வெளியிட்டது. 1985இல் மினோல்டா விற்ற தானியங்கி லென்ஸ் ஏ7ஆர் IV கேமராவில் இன்றும் தானாக ஃபோகஸ் செய்கிறது.

முழுக்கக் கையால் இயங்கும் லென்சுகளுக்கு மின்சாரக் கவலையே இல்லை. மஸ்ஜித் இந்தியாவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலிலிருந்து தைப்பூச இரதம் இரவில் பத்துமலைக்குப் புறப்படுகிறது. அந்த வெளிச்சத்துக்கு எஃப்/1.4 லென்ஸ் வேண்டும். புதிதாக வாங்கினால் விலை கடுமை. பழைய 50 மி.மீ. எஃப்/1.4 லென்சுகள் எல்லா நிறுவனங்களிலும் உண்டு. ஃபிலிம் கேமராவில் இருட்டில் இதைக் கையால் ஃபோகஸ் செய்வது யூகம்தான். மிரர்லெஸ் திரை காட்சியை வெளிச்சமாக்கிக் காட்டுகிறது, விரும்பிய இடத்தைப் பெரிதாக்குகிறது, தெளிந்த விளிம்புகளுக்கு நிறம் பூசிக் காட்டுகிறது. 2014இல் வந்த சோனி ஏ7 II முதலான கேமராக்களில் சென்சாரே அசைந்து கைநடுக்கத்தை ஈடுசெய்கிறது. ஐம்பது வயது லென்சுக்கும் அந்தச் சலுகை உண்டு. லென்சின் குவியத்தூரத்தை மட்டும் மெனுவில் சரியாகக் குறித்துவிட வேண்டும். 50க்கு 135 என்று இருந்தால் படம் முன்னிலும் கலங்கும்.

கையால் திருகும் லென்சுக்கே தானியங்கி ஃபோகஸ் கொடுக்கும் அடாப்டரும் வந்துவிட்டது. டெக்ஆர்ட் நிறுவனம் 2016இல் கொண்டுவந்த அடாப்டர், லைக்கா எம் லென்சைத் தாங்கியபடி தானே சில மில்லிமீட்டர் முன்னும் பின்னும் நகர்ந்து ஃபோகஸ் செய்கிறது. இன்னொரு திசையில், 2013 ஜனவரியில் மெட்டாபோன்ஸ் அறிவித்த ஸ்பீட் பூஸ்டர், ‘உள்ளே வில்லை இருந்தால் தரம் கெடும்’ என்ற பொதுக்கருத்தையே புரட்டியது. பெரிய ஃபிலிமுக்காகச் செய்த லென்சின் பிம்பத்தை அது 0.71 மடங்காகச் சுருக்கிச் சிறிய சென்சாருக்குள் அடக்குகிறது. ஒளி பாதிப் பரப்பில் குவிவதால் ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, வெளிச்சம் கூடுகிறது. எஃப்/1.4 லென்ஸ் எஃப்/1 ஆகிறது.

வெற்று வளையம்தானே, எதை வாங்கினால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 50 மி.மீ. லென்சுக்குப் பின்னால் அடாப்டர் 0.1 மி.மீ. கூடுதல் தடிமனாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தாளின் தடிமன். குவியத்தூரத்தை அதாலேயே பெருக்கி அந்தப் பிழையால் வகுத்தால் 25,000 மி.மீ., அதாவது 25 மீட்டர். லென்ஸ் அதற்கு மேல் எட்டிப் பார்க்காது. 24 மி.மீ. லென்சில் எல்லை 5.8 மீட்டருக்குச் சுருங்கும். பத்துமலையில் நிற்கும் 42.7 மீட்டர் முருகன் சிலையை 24 மி.மீ. லென்சில் முழுதாகப் பிடிக்க ஏறத்தாழ 28 மீட்டர் பின்வாங்க வேண்டும். பகலில் எஃப்/8இல் எடுத்தால் பிழை மறைந்துவிடும். இரவில் அபெர்ச்சரை முழுதாகத் திறந்தால் சிலை கலங்கும், குற்றம் லென்சின் மேல் விழும்.

இதனால் தயாரிப்பாளர்கள் பலர் வளையத்தை வேண்டுமென்றே மயிரிழை குட்டையாகச் செய்கிறார்கள். அப்போது லென்ஸ் முடிவிலியையும் தாண்டித் திரும்பும். தூரக் குறியீடுகளை நம்ப முடியாது, ஆனால் எந்தத் தூரமும் தெளியும். வாங்கும்போதே சோதித்துவிடுவது நல்லது. கடை வாசலுக்கு வந்து, தூரத்தில் தெரியும் உயர்ந்த கட்டடம் ஒன்றை, அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் போதும். வளையத்தின் உட்சுவரையும் பார்க்க வேண்டும். அது பளபளத்தால் மண்டபத்தின் அலங்கார விளக்குகள் உள்ளே பட்டுத் தெறித்துப் படத்தை வெளிறச் செய்யும்.

கோலாலம்பூரில் பழைய லென்ஸ் வாங்குபவர் அடாப்டரைவிட அஞ்ச வேண்டியது பூஞ்சைக்கு. இங்கே காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. அலமாரி இருட்டில் பூட்டி வைத்த லென்சுக்குள் சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்து, அது சுரக்கும் அமிலம் வில்லையின் பூச்சை அரிக்கிறது. துடைத்தாலும் தடம் போகாது. கைவிளக்கைப் பின்னாலிருந்து அடித்து உள்ளே பார்க்காமல் வாங்கக் கூடாது. வாங்கியதை ஈரப்பதம் 40, 50 விழுக்காட்டில் நிற்கும் உலர்பெட்டியில் வைப்பது இந்த ஊரில் ஆடம்பரம் ஆகாது.

சில லென்சுகள் மஞ்சளித்திருக்கும். அது வேறு விவகாரம். பென்டாக்ஸ் சூப்பர் டாகுமார் 50 மி.மீ. எஃப்/1.4 போன்றவற்றின் சில பதிப்புகளில் ஒளிவிலகலைக் கூட்டத் தோரியம் கலந்த கண்ணாடி பயன்பட்டது. அதன் கதிரியக்கமே கண்ணாடியைக் காலப்போக்கில் தேநீர் நிறமாக்குகிறது. புறஊதா விளக்கில் சில நாள் வைத்தால் பெருமளவு தெளிந்துவிடும். கேமராவில் வைத்துப் பயன்படுத்துவதில் அச்சமில்லை. வில்லையை உடைப்பதும் தேய்ப்பதும் மட்டும் கூடாது.

இத்தனை சுதந்திரமும் ஒருவழிப் பாதை. 1970களின் நிக்கோர் லென்ஸ் ஒன்று இசட், ஆர்எஃப், சோனி இ, ஃபூஜி எக்ஸ், எல் மவுண்ட் என எல்லாவற்றிலும் ஏறும்; 46.5 என்ற பெரிய எண் அதன் பலம். சோனி லென்சை நிக்கோன் இசட் கேமராவில் பூட்டுவதற்கு இருப்பது 2 மி.மீ. இடைவெளி, அதற்குள் அடங்கும் அடாப்டரும் விற்பனையில் உண்டு. ஆனால் இன்று பெரும் விலை கொடுத்து வாங்கும் இசட் லென்சுக்கு 16க்கும் கீழே இறங்கிய முழுச் சட்டகக் கேமரா வேறெதுவும் கிடையாது. அபெர்ச்சர் வளையமும் அதில் இல்லை. பெரும்பாலானவற்றில் ஃபோகஸ் வளையம்கூட மின்சாரம் இல்லாமல் வில்லைகளை அசைக்காது. ஒரே மவுண்டை நம்பி லென்ஸ் சேர்க்கத் தொடங்கும் இளம் கல்யாணப் புகைப்படக்காரர், கேமரா பாடியைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்த எண்களை அருகருகே எழுதிப் பார்ப்பது நல்லது.